துளையிட்ட பின் தோட்டத்தில் வையுங்கள்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தினரும் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் உணவைப் பற்றியனவாகவே இருக்கும். தயிர் சேர்க்கலாமா, இளநீர் குடிக்கலாமா, கத்தரிக்காய் ஆகுமா என்று கேட்பார்கள். அதன் பிறகு மாத்திரைகளைப் பற்றிக் கேட்பார்கள். 'வீட்டில் என்ன வேலை செய்யலாம்?' என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. அவர்களுக்கும், 'ஓய்வாக இருங்கள்' என்ற இரண்டு சொற்களில் நாங்கள் விடையளித்து அனுப்பிவிடுகிறோம். அந்த விடை போதாது என்பதைப் பொது மருத்துவப் பிரிவில் பணியாற்றும் எங்களுக்கு ஒரு பெரியவர் உணர்த்தினார். அவருடைய ஒப்புதலுடன், பெயரும் ஊரும் குறிப்பிடாமல், அந்த நிகழ்வை இங்கே எழுதுகிறோம். அதில் எங்கள் தவறும் ஒன்று அடங்கியிருக்கிறது.

அவர் பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தால் வலக்கை வலுவிழந்த நிலையில் எங்களிடம் வந்தார். பத்து நாள் கழித்து வீடு திரும்பியபோது அவரால் ஒரு தம்ளரைப் பிடித்துத் தூக்க இயலவில்லை. நான்கு மாதங்களுக்குப் பின் மறுபரிசோதனைக்கு வந்தவர், தம் சட்டைப் பொத்தான்களைத் தாமே போட்டுக்கொண்டார். உடற்பயிற்சி நிபுணர் சொன்ன பயிற்சிகளைத் தவறாமல் செய்தீர்களா என்று வினவினோம். உடன் வந்த மருமகள் சிரித்துக்கொண்டே, "மாமா பயிற்சி எங்கே செய்தார், டாக்டர்? காயலான் கடைக்குப் போகவேண்டியது எல்லாவற்றையும் கொல்லையில் நிறுத்தி வைத்திருக்கிறார்" என்றார்.

கைப்பேசியில் படங்களைக் காட்டினார். ஓடாத மின்விசிறியின் இறகுகள் வண்ணம் பூசப்பெற்றுப் பெரிய மலரின் இதழ்களாக நின்றன. பழைய தையல் இயந்திரத்தின் இரும்புக்கால்கள் மீது துளசி இருந்தது. மிதிவண்டிச் சக்கரம் ஒன்றில் சங்குப்பூக் கொடி ஏறியிருந்தது. மிக்ஸி ஜாரில் டேபிள் ரோஸ், அலுமினியக் குண்டானில் கற்பூரவல்லி, உடைந்த பீங்கான் தட்டுகளும் தரை ஓடுகளும் பதித்த ஒரு சிமெண்ட் திண்ணை. அத்தனையும் செயலிழந்த அந்த வலக்கையும் அதற்குத் துணை நின்ற இடக்கையும் சேர்ந்து செய்தவை. நாங்கள் மகிழ்ந்து பாராட்டி அனுப்பினோம்.

அடுத்த மழைக்காலத்தில் அதே வீட்டிலிருந்து ஒன்பது வயதுப் பேத்தி டெங்குக் காய்ச்சலுடன் சேர்க்கப்பட்டாள். ஐந்து நாள் கவலைக்குப் பின் நலம் பெற்றாள். அவளை வீட்டுக்கு அனுப்பும்போது எங்களுக்கு அந்தப் படங்கள் நினைவுக்கு வந்தன. 'கொல்லையிலுள்ள பழைய சாமான்கள் அனைத்தையும் இன்றே அப்புறப்படுத்துங்கள்' என்று கண்டிப்புடன் கூறினோம். அன்று மாலையே ஒரு வண்டி வந்து எல்லாவற்றையும் ஏற்றிச் சென்றது.

இரண்டு மாதம் கழித்துப் பெரியவர் மறுபரிசோதனைக்கு வந்தார். வலக்கை மடியில் கிடந்தது. விரல்கள் மீண்டும் இறுகியிருந்தன. பல கேள்விகளுக்குத் தலையசைத்தவர், இறுதியில் ஒன்று சொன்னார்: "குழந்தைக்கு என்னால்தான் காய்ச்சல் வந்தது என்று சொன்னீர்களாம், ஐயா." நாங்கள் அவ்வாறு சொல்லவில்லை. ஆயினும் நாங்கள் சொன்னதற்கு அந்த வீட்டில் வேறு பொருள் இருந்திருக்க இயலாது.

மருமகள் மற்றொன்றும் தெரிவித்தார். காய்ச்சல் பற்றிய தகவல் சென்றதும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் அவர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். வண்டி வந்து சாமான்களை ஏற்றுவதற்குச் சற்று முன்பு, கையில் விளக்குடன் ஒவ்வொரு பொருளாகப் பார்த்திருக்கிறார்கள். மூன்று இடங்களில் புழுக்கள் இருந்தன. ஒன்று, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறமுள்ள நீர்த்தட்டு. இரண்டாவது, குளியலறையில் மூடாமல் வைத்திருந்த தண்ணீர் டிரம். மூன்றாவது, கொல்லையின் மூலையில் கிடந்த ஒரு டயர். பெரியவர் செய்த முப்பதுக்கும் மேற்பட்ட பொருள்களில் வேறெதிலும் நீர் நிற்கவில்லை. பணிமனையில் வேலை பார்த்தவர் ஆதலால் ஒவ்வொன்றின் அடியிலும் துளையிட்ட பிறகே மண் நிரப்பியிருந்தார். டயர் அவருடைய வேலை தொடங்குவதற்கு முன்பிருந்தே அங்கே கிடந்தது.

நோயாளியைச் சோதிக்காமல் மருந்து எழுதுவது பிழை என்று மாணவர்களுக்குக் கற்பிக்கிறவர்கள் நாங்கள். ஆனால் அந்தக் கொல்லையை ஒருமுறையேனும் பார்க்காமல், பார்த்தவர்களைக் கேட்காமல், அதற்கு மருந்து எழுதினோம். கொசுவை ஒழித்தோமா என்றால் அதுவுமில்லை. தோட்டம் போயிற்று, நீர்த்தட்டும் டிரம்மும் பணியாளர்கள் சொல்லும்வரை இருந்த இடத்திலேயே இருந்தன.

இந்த நிகழ்வுக்குப் பிறகு எங்கள் கருத்து ஒன்று உறுதிப்பட்டது. வீட்டில் கழித்துப்போட்ட பொருள்களைக் கொண்டு தோட்டத்தை அழகுபடுத்தும் வேலையை, உடல்நலம் தேறிவருபவர்களுக்கும் முதியோருக்கும் மருத்துவர்கள் தயங்காமல் பரிந்துரைக்கலாம். அதனுடன் ஒரு நிபந்தனையையும் மறவாமல் சொல்லவேண்டும்: நீர் தேங்கக்கூடிய எந்தப் பொருளும் துளையிடப்படாமல் தோட்டத்துக்குள் நுழையக்கூடாது.

நிபந்தனையின் காரணத்தை முதலில் விளக்குகிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. மனிதர் வாழும் இடத்தில், கலன்களில் தேங்கும் ஓரளவு தெளிந்த நீரையே நாடுகிறது. முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கலனின் உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் உயிருடன் காத்திருக்கக்கூடியவை. அடுத்த மழையில் நீர்மட்டம் உயர்ந்து அவற்றைத் தொட்டதும் புழுக்கள் வெளிவருகின்றன. நம் நாட்டு வெப்பத்தில் முட்டை கொசுவாக மாறுவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள்கள் போதும். இக்கொசு பெரும்பாலும் பகலில் கடிப்பது. தான் பிறந்த இடத்தைவிட்டு நெடுந்தொலைவு பறப்பதுமில்லை. கடித்த நாலாம் நாள் முதல் பத்தாம் நாளுக்குள் காய்ச்சல் தோன்றும். ஆகவே அந்தக் குழந்தையைக் கொசு வீட்டிலும் கடித்திருக்கலாம், பள்ளியிலும் கடித்திருக்கலாம். ஒரு பொருளைக் காட்டி, 'இதனால்தான் வந்தது' என்று சொல்ல எங்களுக்கு எந்த ஆதாரமும் இல்லை.

நீரைத் தடுத்தால் கொசுவைத் தடுக்கலாம் என்பது பழைய பாடம். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்த ரொனால்டு ராஸ், அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, 1883 ஆம் ஆண்டில் பெங்களூரில் பணியாற்றியபோது, நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் கொசுக்கள் குறையும் என்பதைக் கவனித்தார். டயரின் வரலாறும் அறியத்தக்கது. ஆசியாவிலிருந்து இறக்குமதியான பழைய டயர்களில் தேங்கிய நீரின் வழியாக ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற மற்றொரு கொசு அமெரிக்காவுக்குச் சென்றது. 1985 ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் அது பெருகியிருப்பதைக் கண்டனர். டயரை நிமிர்த்தி வைத்தாலும் படுக்க வைத்தாலும் அதன் உட்பள்ளத்தில் நீர் நிற்கும். கடல் கடந்து கொசுவைச் சுமந்து சென்ற பொருள் நம் வீட்டுக் கொல்லையில் சும்மா கிடக்குமா?

தமிழகத்தில் 2012 ஆம் ஆண்டிலும் 2017 ஆம் ஆண்டிலும் டெங்கு பெருமளவில் பரவியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த வைரசை அழிக்கும் மருந்து இன்றும் நம்மிடம் இல்லை. உடலின் நீர்ச்சத்தைக் காத்து, நோயாளியை உன்னிப்பாகக் கவனித்து, ஆபத்தான நாள்களைக் கடக்கச் செய்வதே எங்கள் சிகிச்சை. எனவே கொல்லையில் ஒரு ஆணி கொண்டு இடும் துளையை நாங்கள் சிறிய செயலாகக் கருதவில்லை.

இனி, இந்த வேலையை ஏன் பரிந்துரைக்கிறோம் என்பதைச் சொல்லவேண்டும். பக்கவாதத்துக்குப் பின் கையின் இயக்கம் மீள்வதற்கு, பொருளுள்ள ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது உதவுகிறது. ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்வழிச் சிகிச்சையின் அடிப்படைகளுள் இதுவும் ஒன்று. ரப்பர் பந்தை நூறு முறை அழுத்தச் சொன்னால் பத்தாவது முறையில் பலருக்குச் சலிப்பு வந்துவிடுகிறது. ஓட்டுத்துண்டு ஒன்றை விரல்களால் எடுத்து, திருப்பிப் பார்த்து, ஈரச் சிமெண்டில் வைத்து அழுத்துவதும் அதே விரல்களுக்கான பயிற்சிதான். அதை ஒருவர் பொழுது போவது தெரியாமல் இருநூறு முறை செய்வார். தூரிகை பிடிப்பதில் விரல் நுனிகளும், கம்பி முறுக்குவதில் மணிக்கட்டும், மண் அள்ளுவதில் தோளும் இயங்குகின்றன. இதனால் உடற்பயிற்சி நிபுணரின் பயிற்சிகளை விட்டுவிடலாம் என்று பொருளில்லை. அந்தப் பயிற்சிகளில் திரும்பப் பெற்ற வலிமையைச் செலவிட ஓர் இடம் வேண்டும் என்கிறோம்.

மனத்தின் நிலையும் இதில் அடங்கும். நோய் நீண்டுவிட்ட மனிதருக்கு, தாம் வீட்டுக்குப் பயன்படாத பொருளாகிவிட்டோம் என்ற எண்ணம் எளிதில் தோன்றுகிறது. பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு ஏற்படுவது மிகப் பொதுவானது. அது உடல் தேறுவதையும் தாமதப்படுத்துகிறது. கழித்துப்போட்ட ஒன்றை எடுத்து அதற்கு வேலை கொடுப்பவர், தம் கைக்கும் வேலை இருக்கிறது என்பதைக் கண்ணால் காண்கிறார். வீட்டார் அதைக் குப்பை என்று சொல்லும்போது அவர் காதில் விழுவது வேறு.

கழித்த பொருள்களால் ஆன தோட்டத்துக்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று உள்ளது. 1947 பிரிவினையின்போது, இன்று பாகிஸ்தானில் உள்ள தம் சிற்றூரை விட்டு வந்தவர் நேக் சந்த். சண்டிகர் நகரில் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்தார். 1950களின் இறுதியில், ஓய்வு நேரத்தில், உடைந்த வளையல்கள், பீங்கான், மிதிவண்டிச் சட்டங்கள், மின்சாதனத் துண்டுகள் ஆகியவற்றைச் சேகரித்து, நகரின் ஓரத்தில் காட்டுநிலத்தில் சிலைகள் செய்யத் தொடங்கினார். பல ஆண்டுகள் அது எவருக்கும் தெரியாமலிருந்தது. அரசு நிலத்தில் அனுமதியின்றி எழுந்தது என்பதால், அதிகாரிகளின் பார்வைக்கு வந்தபோது இடிக்கப்படும் நிலையில் இருந்தது. ஆனால் அதை நேரில் பார்த்தவர்கள் காப்பாற்ற விரும்பினார்கள். 1976 ஆம் ஆண்டில் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1984 ஆம் ஆண்டில் நேக் சந்துக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2015 ஆம் ஆண்டில் அவர் மறைந்த பிறகும் அந்தப் பாறைத் தோட்டத்தைக் காண மக்கள் வந்தவண்ணம் இருக்கிறார்கள். முதலில் பார்த்துவிட்டு அதன் பிறகு முடிவு செய்ததால் கிடைத்த நன்மை அது. எங்களிடம் அந்தப் பொறுமை இருக்கவில்லை.

இந்த வேலையில் ஈடுபட விரும்புவோர் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கவேண்டும்.

குடம், குண்டான், பெயின்ட் டப்பா, தேங்காய்ச் சிரட்டை, மிக்ஸி ஜார் எதுவாயினும் அடியில் துளையிடுங்கள். ஒரு துளை மண்ணால் அடைபடக்கூடும். மூன்று நான்கு இடுவது நல்லது. துளையின் மேல் ஓட்டுச்சில்லு ஒன்றை வைத்த பிறகு மண் நிரப்புங்கள். துளையிட இயலாத ஆட்டுக்கல்லையும் உரலையும் குழி வரை மணலாலோ மண்ணாலோ நிரப்பிவிடுங்கள், அல்லது கவிழ்த்து இருக்கையாக்குங்கள்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். வைத்தே ஆகவேண்டுமெனில் தட்டை மணலால் நிரப்புங்கள். பாட்டில்களைத் தலைகீழாக மண்ணில் ஊன்றிப் பாத்திக்கு வேலி அமைப்பவர்கள் உண்டு. பல பாட்டில்களின் அடிப்பகுதி உட்குழிந்திருப்பதால் தலைகீழாக்கும்போது அது ஒரு கிண்ணமாகிவிடும். அக்குழியைச் சிமெண்டால் மூடுங்கள்.

டயரை இயன்றவரை தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். பயன்படுத்துவதாயின், கீழ்ப்பக்கத்தில் சுற்றிலும் விரல் பருமனுள்ள துளைகளிட்டு, உட்பள்ளம் சிறிதும் மிஞ்சாமல் விளிம்பு வரை மண் நிரப்புங்கள். சும்மா சாத்தி வைத்திருக்கும் டயரை அன்றே கொடுத்துவிடுங்கள்.

பறவைகளுக்கு நீர் வைக்கும் கிண்ணத்தையும், மணிபிளான்ட் வைத்த கண்ணாடிப் பாட்டிலையும் வாரம் ஒருமுறை காலி செய்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் சுவரில் ஒட்டியிருப்பதால் நீரை மட்டும் கொட்டுவது பயன் தராது. அல்லி வளர்க்கும் அண்டாவில் கப்பி மீன்களை விடுங்கள். அவை புழுக்களைத் தின்றுவிடும்.

சில பொருள்கள் தோட்டத்துக்கு வேண்டவே வேண்டா. பூச்சிமருந்து இருந்த கலன், பழைய பேட்டரி, குழல்விளக்கு, ஆஸ்பெஸ்டாஸ் தகடு ஆகியவை அவை. ஆஸ்பெஸ்டாஸை அறுத்தாலும் உடைத்தாலும் நுரையீரலுக்குத் தீங்கான நுண்ணிழைகள் காற்றில் கலக்கும். பழைய கதவு, சன்னல்களின் வண்ணப்பூச்சைத் தேய்த்து எடுக்காதீர்கள். வீட்டு உபயோக வண்ணங்களில் காரீயத்தின் அளவைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் விதிகள் நம் நாட்டில் 2017 ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய பூச்சின் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும்.

எங்களிடம் சிகிச்சை பெறுவோருக்குத் தனியே சில சொற்கள். நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலுடன் கொல்லையில் இறங்கக்கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கண்ணாடிச் சில் குத்தியதுகூடத் தெரியாது. மழைக்கால மண்ணிலும் நீரிலும் மெலியாய்டோசிஸ் என்ற கடும் தொற்றை உண்டாக்கும் கிருமி இருக்கக்கூடும். நீரிழிவு உள்ளவர்களையே அது அதிகம் தாக்குகிறது. கையுறையும் மூடிய காலணியும் அணியுங்கள். கையில் புண் இருந்தால் மண்ணைத் தொடாதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்கள் கண்ணாடி, ஓடு, தகரம் வெட்டும் வேலையை வேறொருவரிடம் விட்டுவிட்டு, பதிக்கும் வேலையை மட்டும் செய்யுங்கள். இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவர் அனுமதிக்கும்வரை கனமான பொருள்களைத் தூக்கவேண்டா. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும், உறுப்புமாற்றம் செய்துகொண்டவர்களும் மண்ணை விட்டு, வண்ணம் தீட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் தெளிப்பு வண்ணங்களைத் தவிர்க்கவேண்டும். காயம் பட்டால் சோப்பும் நீரும் கொண்டு கழுவிவிட்டு, டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்ற விவரத்துடன் மருத்துவரை அணுகுங்கள்.

குடும்பத்தினருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர் பழம்பொருள்களைச் சேர்த்து வைப்பது உங்களுக்கு எரிச்சலூட்டலாம். சேர்த்து வைப்பது வேறு, செய்வது வேறு. மூலையில் மாதக்கணக்கில் குவிந்து கிடப்பது கொசுவுக்கும் தேளுக்கும் இடமாகும், அதை அனுமதிக்கவேண்டியதில்லை. ஒரு நேரத்தில் செய்துமுடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே பொருள்களை வைத்துக்கொள்வது, மிகுந்ததை மழைபடாத இடத்தில் கவிழ்த்து வைப்பது என்று அவருடன் கலந்து பேசி ஓர் ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். அவர் உறங்கும்போதோ வெளியே சென்றிருக்கும்போதோ வண்டியை வரவழைத்துவிடாதீர்கள்.

எங்கள் பெரியவரிடம் நாங்கள் வருத்தம் தெரிவித்தோம். பேத்தியின் காய்ச்சலுக்கு அவர் காரணர் என்று எண்ண இடமில்லை என்பதை அவர் குடும்பத்தாரை வைத்துக்கொண்டே விளக்கினோம். மீண்டும் தொடங்கச் சொன்னோம். உடனே அவர் உடன்படவில்லை. இரண்டு முறை மறுபரிசோதனைக்கு வெறுங்கையுடன் வந்து சென்றார். மூன்றாம் முறை மருமகள் ஒரு படம் காட்டினார்: கைப்பிடி உடைந்த ஒரு குக்கர், அதில் செம்பருத்திப் பதியன். ஞாயிறு தோறும் பேத்தி விளக்கைப் பிடித்துக்கொண்டு தாத்தாவுடன் வீட்டைச் சுற்றிவருகிறாளாம். முதலில் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, அதன் பிறகு டிரம், இறுதியாகக் கொல்லை. கை பழைய நிலைக்கு இன்னும் வரவில்லை. வரும் என்று நம்புகிறோம்.

நீங்களும் இத்தகைய வேலையில் ஈடுபட்டிருந்தால், மறுபரிசோதனைக்கு வரும்போது மருந்துச் சீட்டுடன் ஒரு படத்தையும் கொண்டுவாருங்கள். கண்டு மகிழ்வோம். ஆனால் பாராட்டுவதற்கு முன், அடியில் துளை இருக்கிறதா என்று கட்டாயம் கேட்போம்.